மாறி ஒட்டிய சீட்டு

பினாங்கிலிருந்து அப்துல் மஜீது எழுதிய கடிதத்தில் பாதிக்கு மேல் சாமான்களைப் பற்றித்தான் இருந்தது. பெர்மிட் வந்துவிட்டது, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற வேண்டிய தேதி இன்னது என்று நாலு வரி. அதற்குப் பிறகு மனைவி ரமீஜா எதைக் கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது என்று ஒரு முழுப் பக்கம். ஒரு தகரப் பெட்டி போதும். டெக்கில் ஒரு வாரம் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அதனால் பாய், போர்வை, நாலு மாற்றுச் சேலை, சோப்பு, மூடி போட்ட கூஜா, எலுமிச்சம்பழம், உப்பு நார்த்தங்காய் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கருவாடு வேண்டாம். எண்ணெய் வேண்டாம். ஊறுகாய் ஜாடி வேண்டவே வேண்டாம். ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே.

ரமீஜா அதை மூன்று முறை படித்தாள். கல்யாணமாகிப் பதினோராவது மாதம் கப்பலேறிப் போன மனிதர். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை, ஐம்பத்தொன்றில், நோன்புக்கு வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனார். அவர் கடிதங்களில் அன்பாக ஒரு வார்த்தை இருந்ததில்லை. இந்தக் கடிதத்தில் எலுமிச்சம்பழம் என்று எழுதியிருந்ததே அவளுக்கு அன்பாகப் பட்டது. குமட்டினால் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே.

ஜெகதாப்பட்டினத்தில் அவள் இருந்தது மஜீதின் வீட்டில். கூட இருந்தவள் அவருடைய அக்காள் சாரா உம்மாள், ரமீஜாவுக்கு லாத்தா. புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். தம்பியின் கடிதங்கள் எல்லாவற்றையும் ரமீஜாதான் அவளுக்குப் படித்துக் காட்டுவாள். எல்லாவற்றையும் என்று ரமீஜா அப்போது நினைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆம்பளைக்கு என்ன தெரியும். வெறுங்கையோட அனுப்பினா நாளைக்கு என்னையத்தான் பேசுவாங்க” என்றாள் சாரா உம்மாள்.

“லாத்தா, வேண்டாம்னு எழுதியிருக்காங்களே.”

“எழுதுவான். திங்கிறப்ப மட்டும் அக்கா நெனப்பு வந்துரும் அவனுக்கு.”

மறுநாள் சாரா உம்மாள் மளிகைக் கடையிலிருந்து ஒரு காலித் தேயிலைப் பெட்டியை வாங்கிவந்தாள். மெல்லிய பலகை, உள்ளே ஈயத்தாள் ஒட்டியது. அதில் சாமான் ஏறத் தொடங்கியது. நெத்திலிக் கருவாடு ஒரு பொதி. துணியால் வாய் கட்டிய எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கடுதாசியால் அடைத்த தேங்காயெண்ணெய். ஓட்டுமாவு ஒரு டின். பினாங்கில் மகனோ மருமகனோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வந்தது. ஒருத்தி தோட்டத்து முருங்கைக்காயைக் கட்டாகவே கொண்டுவந்து வைத்தாள். ஏழு நாளில் இது என்ன ஆகும் என்று ரமீஜா கேட்டதற்கு, கடல் காத்துக்கு வாடாது என்றாள் அந்த அம்மாள்.

கடைசியில் வந்தது சுறா. கரையில் ஏலத்தில் எடுத்து, கீறி உப்பு வைத்து, சாரா உம்மாள் தன் கையாலேயே கொல்லையில் காயப்போட்ட பால்சுறா. ஐப்பசி மாதம், வானம் மூடிக் கிடந்தது. புறப்படும் நாளன்று அது முக்கால் பதம்கூடக் காயவில்லை. தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. தோலின் மேல் ஈ மொய்த்து மொய்த்து நீல நிறமாகத் தெரிந்தது. ரமீஜா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“இன்னும் ரெண்டு வெயில் காயணும் லாத்தா. இப்படியே வச்சா புழுத்துப் போகும்.”

“அவனுக்குச் சுறான்னா உசுரு. ஓலைப்பாயில சுத்தி அடியில வச்சிடுறேன். ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு.”

அதற்கும் அடியில் அவள் இன்னொன்றை வைத்தாள். தலையணை அளவு மல் துணிப் பொட்டலம், நாலு பக்கமும் நெருக்கமாகத் தையல் போட்டது. அதை வைக்கும்போது சாரா உம்மாளின் குரல் இறங்கி, இனிப்பாகிவிட்டது. “இது தம்பிக்கு நான் குடுக்கிறது. நீ பிரிக்காத, என்ன. அவன் கையில குடுத்திரு.” ரமீஜாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். கையில் சுறா நாற்றம். ரமீஜா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு புருஷனிடம் அனுப்பிவைக்கிறவளிடம் எப்படித் திருப்பிக்கொள்வது.

துணைக்கு வந்தவர் ஷேக் பரீது, ரமீஜாவின் தகப்பனாருடைய தம்பி. அவளுக்குச் சின்னத்தா. பினாங்கில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். நாலு தடவை கப்பலில் போய்வந்தவர் என்பதால் வழி நெடுக அவர் பேச்சுத்தான். அறந்தாங்கி வரை பஸ், அங்கிருந்து ரயில். ரயிலிலேயே பெட்டியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைமார் குடும்பம் எழுந்து வேறு இடம் தேடிப் போனது. போகும்போது அந்தப் பெண்மணி ரமீஜாவைப் பார்த்த பார்வையை அவள் வெகுநாள் மறக்கவில்லை. பெட்டியில் இருப்பதல்ல, அவளே நாறுகிற மாதிரி ஒரு பார்வை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையில் இல்லை. தூரத்தில் கடலில் நின்றது. ஆட்களையும் சாமானையும் படகில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அதற்கு முன் சாமான்களின் மேல் ஒட்டுவதற்கு ஆபீசில் இரண்டு விதமாகச் சீட்டு கொடுத்தார்கள். ஒன்று, பயணத்தில் தேவையில்லாதது, அடித்தட்டுக்குப் போக வேண்டியது. மற்றது, டெக்கில் கூடவே இருக்க வேண்டியது. இரண்டும் இங்கிலீஷில் அச்சடித்திருந்தன.

“யார்கிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிருவோம் சின்னத்தா” என்றாள் ரமீஜா.

“நாலு தடவ ஒட்டினவனுக்கு எதுக்கும்மா படிப்பு. செவப்பு எழுத்து கீழ, கறுப்பு எழுத்து மேல.”

அந்த வருஷம் அது மாறியிருந்தது. அல்லது அவருக்கு மறந்திருந்தது. படகு கப்பலின் பக்கம் அண்டியதும் மேலேயிருந்து ஒரு வலை இறங்கியது. ரமீஜாவின் தகரப் பெட்டி, அதன் மேல் கட்டியிருந்த பாய் போர்வையோடு அந்த வலைக்குள் போய், மற்ற மூட்டைகளோடு தூக்கப்பட்டு, கப்பலின் வயிற்றுக்குள் இறங்கியது. சேலை, சோப்பு, கூஜா, எலுமிச்சம்பழம் எல்லாம் அதில்தான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் டெக்குக்கு வந்து சேர்ந்தபோது தேயிலைப் பெட்டி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

ஷேக் பரீது போய்க் கேட்டார். அடித்தட்டை மூடியாயிற்று, இனி பினாங்கில்தான் திறப்பார்கள் என்றார்கள். திரும்பிவந்து, “அல்லா போதுமானவன்” என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

கட்டியிருந்த ஒரே சேலையோடு, இரும்புத் தரையில், ரமீஜா முதல் நாளைக் கழித்தாள். இரண்டாம் நாள் கடல் பொங்கியது. பெண்கள் பக்கம் அறுபது பேர் இருப்பார்கள். ஒருத்தி வாந்தி எடுத்தால் பத்துப் பேர் எடுத்தார்கள். கப்பல் சாயும்போதெல்லாம் தரையில் இருந்ததெல்லாம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடியது. கழிப்பிடத்துக்குப் போகிற வழியில் கால் வைக்க முடியவில்லை. குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். அதில் முகம் கழுவினால் தோல் வறவறவென்று இழுத்தது. கப்பல் சமையல்காரப் பண்டாரி தகரத் தட்டில் கொண்டுவந்த சோற்றில் அரிசி ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் இருந்தன. இத்தனைக்கும் மேலே, எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு, அவள் தலைமாட்டில் இருந்த பெட்டியின் நாற்றம்.

பக்கத்து இடம் ஆரோக்கியம்மாளுடையது. விராலிமலைப் பக்கம் ஆவூர்க்காரி, ஐம்பது வயசிருக்கும். சுங்கைப்பட்டாணியில் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற புருஷனிடம் போகிறவள். ஒரு ஜமுக்காளம், ஒரு துணிப்பை, ஒரு செம்பு, இவ்வளவுதான் அவள் சாமான். முதல் நாள் முழுக்க முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பேசாமல் கிடந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தாள்.

“ஏன் தாயி, பொணத்தையா கட்டிக் கொண்டாந்திருக்க?”

ரமீஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. சீட்டு மாறிய கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு ஆரோக்கியம்மாள் துணிப்பையிலிருந்து ஒரு பழஞ்சேலையை எடுத்து நீட்டினாள். “மாத்திக்க. மொதல்ல ஒன் சேலைய அலசு. சாக்கடையில விழுந்தவ மாதிரி இருக்க.” கனிவான வார்த்தை இல்லை. ஆனால் வெயிலில் காய்ந்த துணியின் வாசனை அந்தச் சேலையில் இருந்தது. ரமீஜா அதை முகத்தில் வைத்துக்கொண்டு சற்று நேரம் எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பெட்டியின் பலகை இடுக்கிலிருந்து புழு இறங்கியது. வெள்ளையாக, அரிசி நீளத்துக்கு. ஒன்று இரண்டல்ல. வரிசையாக இறங்கி ஆரோக்கியம்மாளின் ஜமுக்காளத்தை நோக்கிப் போயின. அந்தப் பக்கத்துப் பெண்கள் கூச்சல் போட, டெக்கை மேற்பார்க்கிற செராங் வந்தான். வங்காளத்துச் சிட்டகாங் ஆள், தமிழ் அரைகுறையாகப் பேசுவான். மூக்கைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் காலால் உதைத்தான்.

“கடல்ல போடு. இல்ல நான் போடும்.”

“ஊர் சாமான் எல்லாம் இதுக்குள்ள இருக்கு” என்றாள் ரமீஜா.

“ஊர் புழு” என்றான் அவன்.

ஆரோக்கியம்மாள்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள். கெட்டதை எறிந்துவிட்டு நல்லதை எடுத்துக்கொள்கிறோம் என்றாள். இருவரும் பெட்டியைக் கம்பி ஓரத்துக்கு இழுத்துப் போய் மூடியைப் பெயர்த்தார்கள்.

உள்ளே எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊறுகாய் ஜாடி உடைந்திருந்தது. எண்ணெய்ப் பாட்டிலின் அடைப்பு நழுவியிருந்தது. எண்ணெயும் ஊறுகாய்த் தண்ணீரும் சுறாவின் நிணநீரும் கலந்து அடியில் நாலு விரல் உயரத்துக்கு நின்றது. முருங்கைக்காய் கறுத்துக் கூழாகியிருந்தது. ஓட்டுமாவு டின்னுக்குள் எப்படியோ தண்ணீர் இறங்கி மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. ஓலைப்பாயை விலக்கியதும் சுறா அசைந்தது. அசைந்தது மீன் அல்ல, புழு. ரமீஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கடலில் எறிந்தாள். இன்னாருடைய மகனுக்கு, இன்னாருடைய மருமகனுக்கு என்று எழுதியிருந்த சீட்டுகள் எல்லாம் அழிந்து போயிருந்தன. கை மணிக்கட்டு வரை வழவழத்தது. ஒன்பது வருஷம் இந்தக் கைகளால்தான் சாரா உம்மாளுக்குச் சோறாக்கிப் போட்டோம் என்று ஏனோ நினைத்துக்கொண்டாள்.

அடியில் இருந்த மல் துணிப் பொட்டலம் பழுப்பாகி, சொதசொதவென்று கனத்தது.

“இதப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க” என்றாள் ரமீஜா.

“பிரிக்காம அப்படியே குடுத்தா வாங்குறவன் மயங்கி விழுவான். பிரிச்சு அலசித்தான் ஆகணும்.”

ஆரோக்கியம்மாள் பல்லால் தையலைக் கடித்து அறுத்தாள். முதலில் வந்தது ஒரு பித்தளை டப்பா. பிறகு துணிகள். ரமீஜா ஒன்றை விரித்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளச் சட்டை. முதுகில் நாடா வைத்துத் தைத்தது. அப்படி ஆறு சட்டைகள். பழைய சேலையைக் கிழித்து மடித்த துணிகள் ஒரு கட்டு. கறுப்பு மணி கோத்த கைவளை ஒரு ஜோடி. ஒரு வெள்ளி அரைஞாண்.

லாத்தா தனக்காகக் கட்டிவைத்திருக்கிறாள் என்று ரமீஜா முதலில் நினைத்தாள். புருஷனோடு சேர்ந்ததும் ஒரு பிள்ளை உண்டாகட்டும், அங்கே தைத்துப்போட யார் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளைப் பற்றி மூன்று நாளாக மனசுக்குள் எத்தனை கேவலமாகத் திட்டியிருக்கிறேன் என்று ரமீஜா வெட்கப்பட்டாள்.

ஆரோக்கியம்மாள் பித்தளை டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். விரலால் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“ஒன் வீட்டுக்காரரு வீட்டுல யாரு பெத்திருக்கா?”

“யாரும் இல்லையே. அவங்க மட்டுந்தான் இருக்காங்க.”

“இது பெத்தவளுக்குக் குடுக்கிற மருந்து. சுக்கு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி. ஆறு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா. புதுசாக் கிண்டியிருக்கு. இது ரெண்டு மாசம் மூணு மாசம்தான் தாங்கும். என்னைக்கோ பெக்கப் போறவளுக்கு யாரும் இன்னைக்குக் கிண்ட மாட்டாங்க தாயி.” சொல்லிவிட்டு ரமீஜாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் டப்பாவை மூடிக் கீழே வைத்தாள்.

ரமீஜா கடலைப் பார்த்தாள். சுறா எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. பால்சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்குக் கொடுக்கிற மீன். அவள் ஊரில் அது தெரியாத பெண் கிடையாது. அவனுக்குச் சுறான்னா உசுரு என்று சாரா உம்மாள் சொன்னபோது அவளும் தலையாட்டினாள்.

கையைக்கூடக் கழுவாமல் ஆண்கள் பக்கம் போனாள். ஷேக் பரீது நாலு பேரோடு உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எழுந்து ஓரமாக வந்தார்.

“சின்னத்தா, அவங்களுக்கு அங்க பொண்டாட்டி இருக்கா?”

அவர் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட அவள் நம்பியிருக்க மாட்டாள். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை. பீடியைக் கடலில் எறிந்தார்.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“இருக்கா?”

“ரெண்டு வருஷமாச்சு. தகப்பன் நம்ம பக்கத்து ஆளு, தாய் மலாய்க்காரி. அங்கெல்லாம் அப்படித்தாம்மா. தனியா கெடக்கிற ஆம்பள, என்ன செய்வான். மார்க்கத்துல எடம் இருக்கு. அவளுக்கு இது பேறுகாலம், ஒடம்புக்கும் சரியில்ல, பாக்க ஆளில்ல. அதான் ஒன்னைய வரவழைக்கிறான். நீ போனா வீடு ஒன் கையில. மூத்தவ மூத்தவதான்.”

“லாத்தாவுக்குத் தெரியும்.”

“அவளுக்கும் தெரியும். மஜீது அவளுக்குத் தனியா என் கடை ஆளுங்க மூலமா கடிதாசி போட்டிருக்கான். அவளுக்கு நான்தான் படிச்சுச் சொன்னேன். ஒன்கிட்ட முன்னாடியே சொன்னா நீ கெளம்பி வர மாட்டேன்னு...”

ரமீஜா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீடிக்கறை ஏறிய பல், ஓரத்தில் எச்சில். அவள் பிறந்தபோது காதில் பாங்கு சொன்ன வாய் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அவர் அவள் தலையைத் தொட வந்தார். அவள் பின்னால் நகர்ந்தாள். திரும்பி நடந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் திறந்தபோது வந்த அதே குமட்டல்தான் வந்தது. ஆனால் இதற்கு வாந்தி எடுக்க முடியவில்லை.

மருந்து டப்பாவை அவள் எறிந்துவிடுவாள் என்று ஆரோக்கியம்மாள் எதிர்பார்த்தாள். ரமீஜா எறியவில்லை. காலிப் பெட்டியை மட்டும் தள்ளிவிட்டாள். பிறகு உட்கார்ந்து அந்தச் சட்டைகளை ஒவ்வொன்றாக உப்புத் தண்ணீரில் கசக்கி, கம்பியில் காயப்போட்டாள். நாற்றம் முழுக்கப் போகவில்லை.

“எதுக்கு இதெல்லாம்?” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“எனக்கே தெரியலக்கா.”

பினாங்குத் துறையில் அப்துல் மஜீது வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக நின்றிருந்தார். உடம்பு பெருத்திருந்தது. இரவல் சேலையில், வெயிலில் கறுத்து, தலை சிக்குப்பிடித்து வந்தவளை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டடி முன்னால் வந்தார். சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“என்ன நாத்தம் இது? நான்தான் அத்தனை எழுதியிருந்தேனே, ஒண்ணையும் கொண்டு வராதேன்னு.”

ஐம்பத்தொன்றில் விட்டுப் போனதற்குப் பிறகு, அவளிடம் அவர் நேரில் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான்.

“நீங்க எழுதாதது நெறய இருக்கு” என்றாள் ரமீஜா. “வீட்டைக் காட்டுங்க.”

ஒரு சந்துக்குள், கடைக்கு மேலே, மர மாடியில் இரண்டு அறை. ஏறும்போதே புளித்த சோற்று வாடை வந்தது. பாத்திரங்கள் நாலைந்து நாளாகக் கழுவப்படாமல் கிடந்தன. உள்ளறையில் ஒரு பெண் படுத்திருந்தாள். இருபது வயசுக்கு மேல் இருக்காது. பெயர் மைமூன். குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. ரமீஜாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். கொச்சைத் தமிழில் சிரித்துக்கொண்டே பேசினாள்.

“வாங்கக்கா. அவர் தங்கச்சி வரும், எல்லாம் பாத்துக்கும், பயப்படாதேன்னு சொன்னார். நான் நாள் எண்ணிட்டே இருந்தேன்.”

ரமீஜா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மஜீது அறைக்குள் வரவில்லை. மாடிப்படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒரு வாரை அவிழ்க்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டு கழற்றினார். அப்போதுதான் அவளுக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. கோபப்படுவதற்கு அங்கே யாரும் இல்லை. சோற்றில் கரப்பான் கிடந்தால் யாராவது அதன்மேல் கோபப்படுவார்களா, தட்டைத் தள்ளிவைப்பார்கள்.

“நான் தங்கச்சி இல்லம்மா” என்றாள். “நான் அவரைக் கட்டினவ. பதினோரு மாசம் குடித்தனம் பண்ணினவ.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. பிறகு குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அதைப் பிடுங்க வந்தவள் என்று நினைத்தாளோ என்னவோ.

ரமீஜா வெளியே வந்தாள். “இந்தக் கப்பல் சிங்கப்பூர் போயிட்டு எப்பத் திரும்பும்?” என்று மஜீதைக் கேட்டாள்.

“பத்து நாளாகும். எதுக்கு?”

“அதுல எனக்கு டிக்கெட் எடுங்க.”

“ரமீஜா, நான் சொல்றதக் கேளு. எடுத்தேன் கவுத்தேன்னு...”

“அதுவரைக்கும் சின்னத்தா கடையில பின்கட்டுல இருக்கேன். அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிக்குது. டாக்டரக் கூட்டியாங்க. சட்டிய யாராவது கழுவுங்க.”

கீழே இறங்கும்போது ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி ஏறினாள். கையோடு கொண்டுவந்திருந்த துணிமூட்டையை மைமூனின் கால்மாட்டில் வைத்தாள். “இது ஒங்க நாத்தனா குடுத்தது. நல்ல தண்ணியில இன்னொரு தடவ அலசு, கொஞ்சம் நாறும். மருந்து கெடல.” மைமூன் அதைத் தொடவில்லை. ரமீஜா அவள் தொடும்வரை நிற்கவும் இல்லை.

அந்தப் பத்து நாளில் மஜீது மூன்று தடவை கடைக்கு வந்தார். முதல் தடவை கெஞ்சினார், இரண்டாம் தடவை மார்க்கம் பேசினார், மூன்றாம் தடவை அதட்டினார். ரமீஜா பின்கட்டை விட்டு வெளியே வரவில்லை. ஷேக் பரீது மட்டும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கடைசியில் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவருக்கு.

ஜெகதாப்பட்டினத்துக்கு வந்து அவள் தன் அம்மா வீட்டில் இறங்கினாள். ஒரு வாரம் கழித்து ஜமாத்துக்கு எழுதிக் கொடுத்தாள். விலக்கு வேண்டும், அவர் கொடுத்த மஹர்ப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று.

பள்ளிவாசல் பக்கத்து அறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரமீஜா திரைக்கு இந்தப் பக்கம். அவளைக் கேட்டவர் ஊரின் ஆலிம், எண்பதை நெருங்கியவர்.

“அடிச்சாராம்மா?”

“இல்ல.”

“செலவுக்கு அனுப்பாம விட்டாரா?”

“அனுப்பினாங்க.”

“ரெண்டாவது கட்டினது குத்தமில்லையே. வேற என்ன காரணம்?”

அவள் யோசித்தாள். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லலாம். சீட்டு மாறியது, பெட்டி புழுத்தது, கைக்குட்டை, செருப்பு. சொன்னால் அவர்களுக்கு எது புரியும், எது புரியாது என்று தெரியவில்லை.

“அருவருப்பா இருக்கு ஹஜ்ரத்” என்றாள். “அவங்க பேரச் சொன்னா எனக்குக் கொமட்டுது. நாளைக்கு அவங்க இங்க வந்து ராஜா மாதிரி வச்சுக்கிட்டாலும் ஒரு தட்டுல சோறு திங்க என்னால முடியாது.”

ஒருவர் இருமினார். இது ஒரு காரணமா என்றார் இன்னொருவர். ஆலிம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “காரணம்தான். பொண்ணுக்கு அருவருத்துப் போச்சுன்னா பிடிச்சு வைக்கச் சொல்லி எந்தக் கிதாபுலயும் எழுதல. பினாங்குக்கு எழுதுங்க” என்றார்.

எழுதினார்கள். பதில் வர நாலு மாதமானது. விலக்குக் கொடுத்து மஜீது அனுப்பிய தாளில் ரமீஜா கையெழுத்துப் போட்ட நாளன்று, பள்ளிவாசல் தெரு முனையில் சாரா உம்மாள் நின்றிருந்தாள். வந்த நாளிலிருந்து ரமீஜா அவளைப் பார்க்கவில்லை. திட்டப் போகிறாள், அல்லது அழப் போகிறாள் என்று நினைத்தாள். சாரா உம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

“தம்பி ஒண்ணும் எழுத மாட்டேங்கிறான். புள்ள... ஆம்பளப் புள்ளதானே?”

இத்தனைக்கும் பிறகு அவள் கேட்க நினைத்திருந்தது இதுதான். ரமீஜாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றது.

“பொம்பளப் புள்ள லாத்தா. நல்லா இருக்கு. ஒங்க மூக்கு.”

சாரா உம்மாளின் முகம் ஒரு நொடியில் வாடிச் சுருங்கியது. “ஓ, பொட்டப் புள்ளையா” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. தாய் பிழைத்தாளா என்றுகூடக் கேட்கவில்லை. திரும்பித் தெருவோடு நடந்தாள்.

ரமீஜா அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாக்கடை ஓரமாகப் போய்க் காறித் துப்பிவிட்டு, அம்மா வீட்டுக்கு நடந்தாள்.